பலகை கழற்றும் நாள்

புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குள் நுழைபவர்கள் சுவரின் பூச்சைப் பார்ப்பார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நிலத்துக்கு இட்ட சீமெந்தின் மினுக்கத்தைப் பார்த்து நல்ல வேலை என்பார்கள். அந்த வீட்டின் தூணுக்கும் பீமுக்கும் லின்டிலுக்கும் உருவம் கொடுத்த பலகைகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவை அந்நேரம் வேலியோரத்தில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். அல்லது குசினி அடுப்பில் எரிந்து முடிந்திருக்கும்.

கொங்கிறீற் தனக்கென ஓர் உருவம் இல்லாத பொருள். சல்லி, மணல், சீமெந்து, தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்த கூழாகவே அது எமது கைக்கு வருகின்றது. அதைத் தூணாகவோ தட்டாகவோ ஆக்குவது நாம் அடித்து வைக்கும் பலகையே. மேசன்மார் இதனைச் 'சட்டரிங்' என்றும் 'பலகையடிப்பு' என்றும் சொல்வர். சில நாட்களுக்கு மாத்திரம் நிற்கும் வேலை என்பதால் இதற்குப் பணம் செலவிட எவருக்கும் மனம் வருவதில்லை. கம்பியையும் சீமெந்தையும் எண்ணி வாங்குகின்றவர்கள், பலகைக்கும் முட்டுக்கும் கையில் அகப்பட்டதை வைத்துச் சமாளிக்கப் பார்க்கின்றனர். இந்த அலட்சியத்துக்குச் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடுகின்றது. ஆகவேதான் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது.

வீட்டுக்காரரே மேற்பார்வையாளர்

முன்னைய காலத்தில் வீடு கட்டுவித்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு மேசனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரும், யுத்தம் 2009 ஆம் ஆண்டு முடிவடைந்த பின்னரும் எமது பிரதேசங்களில் இந்த நிலை பெரிதும் மாறியது. இந்திய அரசின் உதவியுடன் 2012 ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் பெருமளவில் கட்டப்பட்ட வீடுகள் பயனாளிகள் தாமே நின்று கட்டிய வீடுகளாகும். வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குரிய பணம் கிடைக்கும். சாமான் வாங்குவது, மேசனைப் பிடிப்பது, வேலையைப் பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர்களுள் கணவனை இழந்து தனியே குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண்களும் பலர் இருந்தனர்.

இந்த முறையில் மக்கள் தமது விருப்பப்படி வீட்டை அமைத்துக்கொண்டார்கள் என்பது நல்ல விடயம். அதேவேளை, கட்டிட வேலையின் நுட்பங்களை அறிந்திருக்க வேண்டிய கடமையும் அவர்கள் தலையில் வந்து விழுந்தது. ஓட்டு வீடு என்றாலும் அதில் கொங்கிறீற் வேலை இல்லாமற் போவதில்லை. லின்டில், தூண், யன்னலுக்கு மேலே நீளும் சன்சேட், குசினித் தட்டு, மலசலகூடக் குழியின் மூடி, கிணற்றுக்கு வளையம் என்று பல இடங்களில் பலகை அடித்தே ஆகவேண்டும். பின்னர் வசதி வரும்போது மேலே பிளாற் போட நினைப்பவர்களும் உண்டு. எனவே பலகையடிப்பைப் பற்றிய அறிவு மேசனுக்கு மாத்திரம் உரியதன்று. வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் உரியது.

பலகை சுமக்கும் பாரம்

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் அறைக்கு 5 அங்குலத் தடிப்பில் பிளாற் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 50 கன அடி கொங்கிறீற் தேவை. அதன் நிறை ஏறத்தாழ 3,400 கிலோ. அதாவது 68 சீமெந்துப் பைகளை அந்த அறையின் மேல் அடுக்கியதற்குச் சமம். அத்துடன் மேலே நின்று வேலை செய்யும் ஆட்களின் நிறையும், அவர்கள் கொட்டும்போது ஏற்படும் அதிர்வும் சேர்கின்றன. கொங்கிறீற் இறுகும் வரை இந்த நிறை முழுவதையும் சுமப்பவை கீழேயுள்ள பலகையும் முட்டுக்கால்களுமே. மூன்று அடிக்கு ஒன்றாக முட்டு வைத்தாற்கூட, ஒவ்வொரு முட்டும் 250 கிலோவுக்கு மேல் தாங்கவேண்டும்.

தூணுக்கு அடிக்கும் பலகையில் வேறுவிதமான ஆபத்து உண்டு. ஈரக் கொங்கிறீற் தண்ணீரைப்போலப் பக்கவாட்டில் அழுத்தும். ஆனால் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு அளவில் பாரமானது. 10 அடி உயரமான தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் உள்ள பலகையின் ஒவ்வொரு சதுர அடியையும் 650 கிலோவுக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளும். நான்கு ஆணியில் நிற்கும் பலகை அந்த இடத்தில் பிளந்துவிடுவதில் வியப்பில்லை. இதனாலேயே அனுபவமுள்ள மேசன்மார் தூணைக் கொஞ்சங் கொஞ்சமாக நிரப்புகின்றனர். அடிப்பகுதியில் கவ்வுகட்டைகளை நெருக்கமாக வைக்கின்றனர்.

கொங்கிறீற் காய்வதில்லை

"நல்லாய்க் காய்ஞ்சிட்டுது, பலகையைக் கழட்டலாம்" என்று எம்மவர் சொல்வதுண்டு. இங்கே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கின்றது. கொங்கிறீற் மண்சுவர் போல வெயிலில் காய்ந்து பலமடையும் பொருளன்று. சீமெந்தும் தண்ணீரும் இரசாயன முறையில் சேர்ந்து புதிய பொருளாக மாறுவதாலேயே அது கல்லாகின்றது. அந்த மாற்றத்துக்குத் தண்ணீர் வேண்டும், காலமும் வேண்டும். வெயில் உறிஞ்சிவிட்டால் மாற்றம் இடையில் நின்றுபோகும். மேற்பரப்பு வெள்ளையாகி, தட்டினால் டங் என்று கேட்டாலும், உள்ளே போதிய பலம் வந்திராது.

சாதாரண போட்லண்ட் சீமெந்தில் கலந்து, முறையாகத் தண்ணீர் விட்டுப் பேணிய கொங்கிறீற், 28 நாளில் பெறும் பலத்தின் மூன்றில் இரண்டு பங்கு வரையிலேயே 7 நாளில் பெற்றிருக்கும். கலப்புச் சீமெந்து வகைகள் முதல் நாட்களில் இன்னும் மெதுவாகவே பலமடைகின்றன. எமது கடைகளில் விற்பனையாகும் சீமெந்துப் பைகளில் வகை அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவர்கள் அதனை வாசித்துப் பார்த்து, கலப்பு வகையாயின் மேலதிக நாட்கள் விடவேண்டும்.

எந்தப் பலகையை எப்போது கழற்றலாம்? இந்தியக் கட்டிட நியமம் 456 (2000 ஆம் ஆண்டுப் பதிப்பு) சாதாரண போட்லண்ட் சீமெந்துக்குப் பின்வரும் குறைந்தபட்சக் காலங்களைத் தருகின்றது. எமது வெப்பநிலைக்கும் இவை பொருந்தும்.

தூண், சுவர், பீம் ஆகியவற்றின் பக்கப் பலகைகள்: 16 முதல் 24 மணித்தியாலம்.
பிளாற்றின் அடிப்பலகை: 3 நாள், ஆனால் பலகையைக் கழற்றியவுடன் முட்டைத் திரும்பக் கொடுக்கவேண்டும்.
பீமின் அடிப்பலகை: 7 நாள், இதற்கும் முட்டைத் திரும்பக் கொடுக்கவேண்டும்.
4.5 மீற்றர் (ஏறத்தாழ 15 அடி) வரை அகலமுள்ள பிளாற்றின் முட்டுகள்: 7 நாள். அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள்.
6 மீற்றர் (ஏறத்தாழ 20 அடி) வரை நீளமான பீமின் முட்டுகள்: 14 நாள். அதற்கு மேற்பட்டதற்கு 21 நாள்.

இவை குறைந்தபட்ச அளவுகள் என்பதை மறக்கலாகாது. கலவை சரியாக அளக்கப்பட்டு, தண்ணீர் மட்டாகச் சேர்க்கப்பட்டு, தினமும் நனைக்கப்பட்ட கொங்கிறீற்றுக்கே இவை பொருந்தும். கிராமத்தில் கலவையைச் சோதித்துப் பார்க்கும் வசதி எமக்கு இல்லை. ஆகையால் பிளாற்றுக்கு 14 நாளும், பீமுக்கு 21 நாளும் முட்டை விட்டுவைப்பதே அறிவுடைமை.

அவசரம் எதைச் செய்யும் என்பதற்குப் பெரிய நாடுகளிலும் துயரமான சாட்சியங்கள் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பெய்லிஸ் குறொஸ்றோட்ஸ் என்னுமிடத்தில், 1973 மார்ச் 2 ஆம் திகதி, கட்டப்பட்டுக்கொண்டிருந்த மாடிக் கட்டிடம் ஒன்று மேலிருந்து கீழ்வரை இடிந்து 14 தொழிலாளர் இறந்தனர். 24 ஆவது தட்டுக்குக் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்த வேளையில், கீழேயிருந்த தட்டின் முட்டுகள் காலத்துக்கு முந்தியே எடுக்கப்பட்டிருந்தமை காரணமெனக் கண்டறியப்பட்டது. மேற்கு வேர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் 1978 ஏப்ரில் 27 ஆம் திகதி நடந்தது அதிலும் கொடியது. மின்நிலையமொன்றின் குளிரூட்டும் கோபுரத்தைக் கட்டியவர்கள், முதல் நாள் போட்ட கொங்கிறீற்றிலேயே அடுத்த நாளுக்குரிய அச்சையும் சாரத்தையும் பொருத்தித் தொங்கவிட்டனர். அந்தக் கொங்கிறீற்றுக்கு அவ்வளவு பலம் இன்னும் வந்திருக்கவில்லை. ஏறத்தாழ 170 அடி உயரத்திலிருந்து சாரம் கழன்று விழுந்து 51 பேர் மாண்டனர். பொறியியலாளர்களும் இயந்திரங்களும் நிறைந்த இடத்திலேயே இவ்வாறு நிகழ்ந்ததென்றால், தூக்குக்குண்டும் நீர்மட்டமும் மாத்திரம் கொண்டு வேலை செய்யும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்கவேண்டும்!

நாள்வாடகை என்னும் நெருக்கடி

காலத்துக்கு முந்திப் பலகை கழற்றுவது ஆபத்து என்பது எமது மேசன்மாருக்குத் தெரியாத விடயமன்று. தெரிந்தும் ஏன் கழற்றுகின்றனர்? பின்வருவது போன்ற பேச்சு எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கக் கூடியது.

"அக்கா, ஆறு நாள் ஆகீட்டுது. முட்டைக் கழட்டித் தந்தால் நான் அங்காலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவன்."

"இன்னும் ஒரு கிழமை விட்டால் என்ன தம்பி?"

"விடலாம் அக்கா. ஆனா வாடகை உங்களுக்குத்தான் ஏறும்."

இந்த மூன்று வரிக்குள் முழுப் பிரச்சினையும் அடங்கிவிடுகின்றது. பலகையும் இரும்பு முட்டும் நாள்வாடகைக்கு வருகின்றன. 7 நாள் வைத்திருப்பவர் கொடுக்கும் வாடகையைப்போல இரு மடங்கை 14 நாள் வைத்திருப்பவர் கொடுக்கவேண்டும். கொங்கிறீற் நாளுக்கு நாள் பலமடைய, வீட்டுக்காரரின் கை நாளுக்கு நாள் பலமிழக்கின்றது. மேசனுக்கோ ஒரு தொகுதிப் பலகைதான் இருக்கும். அது ஓரிடத்தில் நின்றால் அடுத்த இடத்தில் அவருக்கு வேலை இல்லை. உதவிப்பணம் கட்டங் கட்டமாகக் கிடைப்பதாயின், அடுத்த கட்டத்தைக் காட்டவேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கின்றது. இங்கு தனியொருவர் மேல் பழிபோடுவதில் பயனில்லை. பொறுத்திருப்பவர் பணத்தை இழக்கிறார், அவசரப்படுபவர் மிச்சம் பிடிக்கிறார் என்ற ஏற்பாடே பிழையானது. அந்த ஏற்பாட்டை மாற்றும் வழியைக் கட்டுரையின் முடிவில் பார்ப்போம்.

பலகை அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டுக்காரர் ஒருவர், மேசனுடைய வேலையில் தலையிடாமலே, கொங்கிறீற் போடுவதற்கு முதல் நாள் மாலையில் பின்வருவனவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

முட்டு நிற்கும் நிலம்: முட்டுக்காலை வெறும் மண்ணில் நிறுத்தக் கூடாது. அடியில் அகலமான பலகைத் துண்டு வைக்கவேண்டும். புதிதாக நிரப்பிய மண் மழை பெய்தால் இறங்கும். முட்டும் அதனுடன் இறங்கும். கல்லை அடுக்கி உயரத்தைச் சரிக்கட்டுவது மிகவும் ஆபத்தானது. உயரம் போதாவிடின் சோடி ஆப்பு வைத்து இறுக்கி, அது நழுவாதபடி ஆணி அடிக்கவேண்டும்.

குறுக்குக் கட்டு: நீளமான மெல்லிய தடி பாரத்தால் நசிவதற்கு முன்பே நடுவில் வளைந்து முறியும். முட்டுகளின் நடுவில் இரு திசையிலும் குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால், அதே தடி வளையாமல் தாங்கக்கூடிய பாரம் கணக்கின்படி நான்கு மடங்காகின்றது. சில சட்டங்களின் செலவில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைத்தான் எமது இடங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். முட்டுகள் நேர்குத்தாக நிற்கின்றனவா என்பதைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கவேண்டும்.

இடைவெளி: பலகைகளுக்கிடையே நீக்கல் இருந்தால் சீமெந்துப் பால் ஒழுகிவிடும். எஞ்சுவது சல்லி மாத்திரமே. கழற்றியபின் அந்த இடம் தேன்வதைபோலப் பொந்து பொந்தாகத் தெரியும். மேலே பூசி மறைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடற்காற்று வீசும் எமது கரையோரக் கிராமங்களில் அந்தப் பொந்து வழியாக உப்பு உள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்து, சில ஆண்டுகளில் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். நீக்கல்களை அடைத்து, அல்லது பலகை மேல் பொலித்தீன் விரித்து இதனைத் தவிர்க்கலாம்.

கம்பியின் இடம்: கம்பி பலகையில் படிந்து கிடக்கக் கூடாது. சீமெந்தில் வார்த்த சிறு கட்டைகளைக் கீழே வைத்துக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். சன்சேட்டில் இதற்கு மாறாக, பிரதான கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். கொங்கிறீற் கொட்டுபவர்கள் அதை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், பலகை கழற்றும் அன்றே சன்சேட் கீழே வரலாம். சன்சேட்டுக்கு மேலேயுள்ள சுவரைக் கட்டி அதன் பாரம் ஏறும் முன்னர் முட்டை எடுப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

எண்ணெய்: பலகை ஒட்டாமல் கழலுவதற்காக வாகனங்களின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம் எம்மிடம் உண்டு. அது கொங்கிறீற்றில் கறையாகப் படியும். பின்னர் பூசும் சாந்து பிடிக்காது. கம்பியில் பட்டால் கம்பிக்கும் கொங்கிறீற்றுக்கும் உள்ள பிடிப்பும் குறையும். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே சிந்துவது கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிய கவலையை ஏற்படுத்தியது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். பலகைக்கென விற்கப்படும் எண்ணெயை, கம்பி கட்டுவதற்கு முன்னர், துணியால் மெல்லியதாகத் தடவினால் போதும்.

கழற்றும் முறை: சுவரிலிருந்து சுவருக்குச் செல்லும் பிளாற்றிலும் பீமிலும் நடுவிலுள்ள முட்டை முதலில் தளர்த்தி, பின்னர் இரு கரைகளை நோக்கிச் செல்லவேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் சுவரில் பிடித்து மறுபக்கம் வெளியே நீளும் சன்சேட்டில், வெளி நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும். ஆப்பைத் தட்டி மெதுவாக இறக்க வேண்டுமேயொழிய, முட்டைச் சம்மட்டியால் அடித்து வீழ்த்தக் கூடாது. கீழே சிறுவர்களை நிற்க விடவே கூடாது.

குழிக்குள் காத்திருக்கும் ஆபத்து

மலசலகூடக் குழி புதிதாகக் கட்டி, மேலே மூடி போட்டபின், உள்ளே அடித்த பலகையை எடுக்க ஒருவர் சிறிய வாய் வழியாக இறங்குவார். குழி இன்னும் பாவனைக்கு வரவில்லை, மலம் இல்லை, மணமும் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்றே எல்லோரும் நினைப்பர். உண்மை அதுவன்று. காற்றோட்டமின்றி மூடிய குழியில் ஈரப்பலகை பல நாட்கள் கிடந்து உழுத்துப் போகும்போது, அது உள்ளேயுள்ள ஒட்சிசனை உறிஞ்சி, காபனீரொட்சைட்டையும் வேறு வாயுக்களையும் வெளிவிடுகின்றது. அடியில் மழைநீர் தேங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இறங்குபவர் ஒரு சில மூச்சிலேயே மயங்கி விழுவார். என்ன நடந்ததென்று பார்க்க இறங்கும் இரண்டாமவரும், அவரைத் தூக்க இறங்கும் மூன்றாமவரும் அங்கேயே விழுவர். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் தேவ்கர் மாவட்டத்தில் 2020 ஆகஸ்ட் மாதத்தில், புதிதாகக் கட்டிய ஒரு குழிக்குள் இவ்வாறு ஒருவர் பின் ஒருவராக இறங்கி 6 பேர் உயிரிழந்தனர்.

இதனைத் தவிர்ப்பது மிகச் சுலபம். மூடியைக் குழியின் மேலேயே வார்க்காமல், வெளியே நிலத்தில் சிறு சிறு தட்டுகளாக வார்த்து, இறுகியபின் தூக்கி வைக்கலாம். அப்போது குழிக்குள் பலகையே தேவையில்லை. மேலேயே வார்த்துத்தான் ஆகவேண்டுமாயின், வாய்களைத் திறந்து நீண்ட நேரம் காற்றோட விட்டு, விசிறியால் காற்றை உட்செலுத்தி, இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்கவேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் ஒருவரும் இறங்கக் கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும். இந்த ஒன்றையாவது வாசகர்கள் தமது ஊர் மேசன்மாருக்கு எடுத்துச் சொன்னால், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் கிடைத்துவிடும்.

கமக்காரர் கட்டிய சிற்றாலயம்

பலகையடிப்பு என்பது அற்ப வேலை என்று நினைப்போருக்கு இரண்டு ஆலயங்களைப் பற்றிச் சொல்லலாம். உரோமை நகரில் பந்தயோன் என்னும் கட்டிடம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கின்றது. 609 ஆம் ஆண்டு முதல் அது தேவாலயமாக இருந்து வருகின்றது. 43 மீற்றர் அகலமான அதன் கொங்கிறீற் குவிமாடத்தை உட்புறமிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகச் சதுரக் குழிவுகள் தெரியும். அக்காலத் தச்சர்கள் மரத்தால் செய்து வைத்த அச்சின் அடையாளம் அது. மரம் போய்விட்டது, தச்சரின் பெயரும் எவருக்கும் தெரியாது, கைவேலை மாத்திரம் எஞ்சி நிற்கின்றது.

மற்றையது எமது காலத்தைச் சேர்ந்தது. ஜேர்மனியில் மெக்கர்னிக் நகருக்கு அண்மையில், வாக்கண்டோர்வ் கிராமத்தின் வயலொன்றில் 2007 ஆம் ஆண்டு ஒரு சிற்றாலயம் கட்டி முடிக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் 15 ஆம் நூற்றாண்டில் கமக்காரராக வாழ்ந்து பின் துறவியான புனித நிக்கொலாசுக்கு அது அர்ப்பணிக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் பீற்றர் சும்தோர் வரைந்து கொடுக்க, கமக்காரக் குடும்பமொன்று தமது அயலவர்களையும் நண்பர்களையும் கூட்டிக் கட்டியது. 112 மரக்குற்றிகளைக் கூடாரம்போலச் சாய்த்து நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு நாளைக்கு ஒரு படையாக, 24 நாட்களில் 24 படை கொங்கிறீற்றை இடித்து இறுக்கினர். ஒவ்வொரு படையும் அரை மீற்றர் அளவு. மொத்தம் 12 மீற்றர் உயரம். பின்னர் உள்ளே புகைநெருப்பு மூட்டி, சுமார் மூன்று வாரம் எரியவிட்டு, குற்றிகளைக் கருக்கி அகற்றினர். இன்று உள்ளே செல்பவர்கள் மரங்களின் வடிவத்தையே கரிய சுவரில் காண்கின்றனர். நாம் மரத்தை எரிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கமக்காரர் சேர்ந்தால் இத்தகைய வேலையை முடிக்கலாம் என்பதற்கும், ஒரு படைக்குமேல் ஆசைப்படாமல் பொறுத்திருந்தால் அது நிலைக்கும் என்பதற்கும் இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஊருக்கு ஒரு பலகைக் களஞ்சியம்

இனி, முன்னர் சொன்ன நாள்வாடகைப் பிரச்சினைக்கு வருவோம். எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் கதிரை, கொட்டகைத் துணி, கிடாரம், விளக்கு ஆகியவற்றை எவரும் வாடகைக்குத் தேடி அலைவதில்லை. சங்கத்தில் உண்டு, கொண்டுவருகிறோம், கழுவித் திரும்பக் கொடுக்கிறோம். சாவு வீட்டுக்குச் செய்வதை, வீடு கட்டுபவருக்கு ஏன் செய்யக் கூடாது?

பங்கு மக்களோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ சேர்ந்து சிறிய பலகைக் களஞ்சியம் ஒன்றை ஆரம்பிக்கலாம். ஓர் அறைக்குப் போதுமான உயரம் மாற்றக்கூடிய இரும்பு முட்டுகள், படலம் பூசிய ஒட்டுப்பலகைகள், தூணுக்கும் லின்டிலுக்கும் உரிய அளவுப் பலகைகள், கிணற்று வளைய அச்சு ஒன்று, கல் அரியும் அச்சுகள் சில ஆகியன முதலில் போதும். மாம்பலகை சில தடவையில் பயனற்றுப் போகும். நல்ல முறையில் பேணிய இரும்பு அச்சையோ நூறு தடவைக்கு மேல் பாவிக்கலாம். ஆகவே தொடக்கச் செலவு கூடினாலும் ஊருக்கு அது இலாபமே. ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக மரம் தறிப்பதும் குறையும். யுத்த காலத்தில் எவ்வளவு பனையையும் தென்னையையும் இழந்தோம் என்பதை அறிந்த நாம், இனியும் முட்டுக்காக மரம் வீழ்த்துவது பொருத்தமன்று.

இக்களஞ்சியத்துக்கு ஒரு விதி முக்கியம். கட்டணம் நாட்கணக்கில் இருக்கக் கூடாது, வேலைக்கணக்கில் இருக்கவேண்டும். ஒரு பிளாற்றுக்கு இவ்வளவு, ஒரு லின்டிலுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, 14 நாளுக்கு முன் திருப்பித் தந்தாலும் ஒரு சதமேனும் குறையாது என்று வைத்துவிட்டால், அவசரமாகக் கழற்றுவதில் எவருக்கும் இலாபம் இராது. கொங்கிறீற் போட்ட திகதியையும், முட்டுக் கழற்ற வேண்டிய திகதியையும் களஞ்சியப் புத்தகத்தில் எழுதி, அதே திகதியை வீட்டின் முட்டொன்றில் சுண்ணாம்பால் எழுதிவிடலாம். மேசனும் வீட்டுக்காரரும் அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வாக்குவாதத்துக்கு இடமிராது.

பேணுவதற்கும் ஒழுங்கு வேண்டும். திருப்பித் தருபவர் பலகையில் ஒட்டிய சாந்தைச் சுரண்டி, ஆணியைப் பிடுங்கி, எண்ணெய் தடவித் தரவேண்டும். நிலத்தில் படாமல், சமமான கட்டைகளின் மேல் தட்டையாக அடுக்கி, மழை படாமல் மூடவேண்டும். ஊரிலுள்ள தச்சர் ஒருவர் மாதம் ஒரு நாள் வந்து பழுதானவற்றைத் திருத்தலாம். வேலை கற்க விரும்பும் இளைஞர்கள் அவருடன் நின்று பழகினால் அதுவே ஒரு சிறிய தொழிற்பயிற்சியாகவும் அமையும்.

மணல்மேல் வீடு கட்டியவனையும் பாறைமேல் வீடு கட்டியவனையும் பற்றிய உவமையைப் பிரசங்கங்களில் நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். அத்திவாரத்தின் அருமை எமக்கு நன்றாகத் தெரியும். அத்திவாரத்துக்கும் கூரைக்கும் இடையில், சில வாரங்களுக்கு மாத்திரம் நின்று, முழுப் பாரத்தையும் சுமந்து, பின்னர் ஒதுங்கிவிடும் பலகைக்கும் முட்டுக்கும் உரிய நாளைக் கொடுக்க இனிமேல் பழகிக்கொள்வோம். அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பலகைக் களஞ்சியம் என்ற ஒரு விடயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் இவ்வாண்டு வீடு கட்ட இருக்கின்றனர் என்று கணக்கெடுப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.